பாப்பம் என்று சொன்ன குவாட்டர்பேக்

"பாப்பம் எண்டவன், சுமித்ரா. என்ரை வாசலிலை நிண்டு, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு, பாப்பம் எண்டவன்."

"அதுக்கு இப்ப என்ன? பாப்பம் எண்டா பாப்பம்தானே."

"எந்த ஊர்த் தமிழிலை? கலியாணத்துக்கு வாங்கோ எண்டு நீர் கேட்டு, ஒருத்தர் பாப்பம் எண்டு சொன்னா, அவருக்கும் சேர்த்துச் சோறு போடுவீரோ?"

"என்னத்துக்கு இப்ப கலியாணத்தை இழுக்கிறீர்?"

"சரி, இழுக்கேல்லை. முதலிலை அவன்ரை காற்சட்டையை என்ரை மெஷினுக்குள்ளாலை எடும். இண்டைக்கு வியாழன். வியாழன் என்ரை நாள்."

காலை பதினொரு மணி. சுவிஸில், பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் ஓர் எட்டு மாடிக் கட்டிடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறை. இந்த நாட்டில் ஒருவர் அடுத்தவரின் மதத்தைப் பழிக்கலாம், மனைவியைப் பழிக்கலாம், மலையைக்கூடப் பழித்துவிட்டுத் தப்பிவிடலாம். அடுத்தவரின் தோய்க்கும் நாளில் மெஷினைத் தொட்டுவிட்டுத் தப்ப முடியாது. சுவரில் தொங்கிய அட்டவணையில் வியாழனுக்கு நேரே வதனியின் பெயர் நீல மையில் இருந்தது. ஆகவே சட்டம் வதனியின் பக்கம். சட்டம் இல்லாத நாட்களிலேயே வதனியின் குரல் இரண்டு மாடி ஏறும். அன்று நாலு மாடி ஏறியது. கட்டிடத்துப் பொறுப்பாளர், தமிழில் ஒரு சொல்லும் அறியாத கிழவர், படியில் பாதி இறங்கி வந்தார், கேட்டார், எல்லாம் விளங்கியவராகத் திரும்பி, சைக்கிள் வைக்கும் அறையைப் பார்க்கப் போய்விட்டார்.

மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது சயனின் மஞ்சள் விளையாட்டுக் காற்சட்டை. சயன், மூன்றாம் மாடி சுமித்ராவின் அண்ணன் மகன். பேர்னில் பொறியியல் படிக்க வந்து மாமி வீட்டில் தங்கியிருக்கும் இருபத்து நாலு வயதுப் பிள்ளை. வதனி இரண்டாம் மாடி. ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வியாழனும் சனியும் லீவு. வியாழன் தோய்க்க, சனி கத்த.

சுமித்ரா காற்சட்டையை எடுத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவள் எடுக்கவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உம்மடை மகனுக்கு எறியத் தெரிஞ்சிருந்தா, ஏன் வதனி அவை என்ரை மருமகனைக் கூப்பிட்டவை?"



வதனி மெஷினை நிறுத்தினாள். தண்ணீர் சொட்டச் சொட்டக் காற்சட்டையை எடுத்தாள். பிழிந்தாள். அந்தக் காற்சட்டையின் இடத்தில் யாருடைய கழுத்து இருந்தது என்று கேட்காதீர்கள். பிழிந்ததைச் சுமித்ராவின் கூடைக்கு மேலே, மடித்த கட்டில் விரிப்புகளின் மேல், பத்திரமாக வைத்தாள்.

"சனிக்கிழமை நான் வரமாட்டன். ரோல்ஸும் வராது. உம்மடை மருமகனே பொரிச்சுத் தின்னட்டும்."

இந்த மிரட்டலின் பாரத்தை அறிய, வதனி யார் என்று கொஞ்சம் அறிய வேண்டும்.

வதனியின் மகனும் சயனும் சனிக்கிழமைகளில் விளையாடுவது நாங்கள் அறிந்த கால்பந்து அல்ல, அமெரிக்கக் கால்பந்து. முட்டை மாதிரி ஒரு பந்து, தலையில் கவசம், தோளில் பலகை, மனிதன் மேல் மனிதன் விழுகிற விளையாட்டு. மகன் விதுஷன் பதினாறு வயதில் பூம்ப்ளிஸ் ஹார்னெட்ஸ் கழகத்தில் சேர்ந்தபோது, பிள்ளையின் கழுத்து முறியும் என்ற பயத்தில், முறிகிற நேரம் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் முதல் நாள் மைதானத்துக்குப் போனாள். கழுத்து முறியவில்லை. வதனிக்குத்தான் தொண்டை கட்டியது. ஏழு வருஷமாக அந்தத் தொண்டை சனிக்கிழமைகளில் கட்டிக்கொண்டே இருக்கிறது. கணவர் தம்பிராசா எங்கடின் மலைப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் இடையில்தான் வீடு வருவார். மனைவிக்குச் சாமிப் பைத்தியம் பிடிப்பதைவிடப் பந்துப் பைத்தியம் பிடிப்பது நல்லது, விரதம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஹார்னெட் என்றால் குளவி. வதனி குளவி என்றே சொல்லுவாள். மற்றப் பெயர்களையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டாள். முன்னால் நின்று முட்டுகிற பெரிய பெடியள் "சுவர்". பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் "பிடிகாரர்". நடுவில் நின்று பந்தை வாங்கி, யார் வெளியாக நிற்கிறான் என்று பார்த்து எறிகிறவன் குவாட்டர்பேக், அவன் "எறிகாரன்". குவாட்டர் என்றால் கால் போத்தல் அல்லவா, பின்னால் கால் போத்தல் வைத்துக்கொண்டு விளையாடுகிறவனோ என்று சுமித்ராவின் கணவர் யேசுதாசன் ஏழு வருஷமாக ஒரே பகிடியை விடுகிறார். ஏழு வருஷமாக அவர் ஒருவர்தான் சிரிக்கிறார்.

குளவிகளின் பெஞ்சுக்குப் பின்னால், கோட்டோடு ஒட்டி, வதனிக்கு ஓர் இடம் உண்டு. அங்கு நின்று "விடாதை, விடாதை" என்று கத்துவாள். அவள் சனிதோறும் பொரித்துக் கொண்டுபோகிற ரோல்ஸைத் தின்னப் பழகிய சுவிஸ்காரரும் கூடச் சேர்ந்து "விடாதே" என்று கத்துவார்கள். அது அந்த அம்மாவின் செல்லப் பெயர் என்று பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். கழகத்தின் கிறிஸ்மஸ் அட்டையே "அன்புள்ள ஃப்ராவ் விடாதே", அதாவது திருமதி விடாதே, என்றுதான் வந்தது.

இரண்டு வருஷம் எறிகாரன் விதுஷன். அந்த இரண்டு வருஷமும் வதனி எறிகாரனின் தாய். அரசனின் தாய் மாதிரி. சென்ற மாரியில் பயிற்சியாளர் ரேட்டோ விதுஷனைக் கூப்பிட்டு, உன் கைக்குப் பலம் காணாது, காலுக்குத்தான் வேகம், நீ இனிப் பிடிகாரன் என்றார். விதுஷன் சரி என்று சொல்லிவிட்டு வந்து சோறு தின்றான். தாயால்தான் தின்ன முடியவில்லை. மகன் விட்ட இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் என்றால், சூரிச் பக்கத்து லிம்மட் காளைகள் கழகத்திலிருந்து, குளவிகளை மூன்று வருஷம் தொடர்ந்து தோற்கடித்த அதே சயனை.

மார்ச் மாதம் ஒரு பின்னேரம் சயன் சொக்கலேட் பெட்டியோடு வதனியின் வாசலில் வந்து நின்றான். அன்ரி என்றான். ரோல்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொன்னான். வதனி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"தம்பி, எங்கடை விதுஷனுக்கும் பந்து எறிவீரோ?"

"பாப்பம் அன்ரி" என்றான் பிள்ளை, சிரித்துக்கொண்டு.

அன்று தொடங்கியது சந்தேகம். எழுத்தில் பார்ப்போம், வாயில் பாப்பம்; நம்மவர் மத்தியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் இல்லை. பெண் கேட்டு வந்தவருக்குப் பாப்பம். மண்டபத்துக்குப் பங்களிப்புக் கேட்டு வந்தவருக்குப் பாப்பம். இல்லை என்ற சொல்லுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பினால் அதுதான் பாப்பம்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சி தானாக வரும். உள்ளூர்ப் பத்திரிகையில் சயனின் படம் போட்டு, "குளவிகள்தான் என் குடும்பம்" என்று அவன் சொன்னதாக எழுதியிருந்தார்கள். வதனி மகள் டிலக்ஷியின் கைபேசியில் தேடுவித்து, இரண்டு வருஷத்துக்கு முந்திய சூரிச் பத்திரிகை ஒன்றையும் கண்டுபிடித்தாள். அதில் "காளைகள்தான் என் குடும்பம்" என்று இருந்தது. அதே சிரிப்பு.

"இவன் எத்தினை குடும்பம் வைச்சிருக்கிறான்?" என்றாள் வதனி.

பிறகு, அவன் ஒருநாள் டிலக்ஷியின் உடுப்புக் கூடையை இரண்டு மாடி தூக்கி வந்தான். கட்டிடத்துத் தமிழ்ச் சனத்துக்கு அது போதும். பெடியன் வந்தது பந்துக்கோ, பெட்டைக்கோ என்று கோயிலில் அன்னதான வரிசையில்கூடக் கேட்டார்கள். டிலக்ஷி கண்ணை உருட்டினாள். உருட்டுகிற பெட்டைதான் ஓம் என்று சொல்லப்போகிறவள் என்று வரிசையில் தீர்ப்பும் ஆனது.

ஆனால் வதனியைக் குடைந்தது பெட்டைக் கதை அல்ல, பந்துக் கதை. குளவிகள் வென்றுகொண்டே இருந்தார்கள். ஒன்பது ஆட்டத்தில் எட்டு வெற்றி. அந்த ஒன்பது ஆட்டத்திலும் விதுஷனுக்கு வந்த பந்து ஐந்து. யானிக் என்ற நெட்டைச் சுவிஸ் பெடியனுக்கு வந்தது ஐம்பதுக்கு மேல். தமிழ்க் கடை தந்த முருகன் கலண்டரில் அந்தந்தச் சனிக்கு நேரே, மகனுக்கு வந்த பந்துக்கு ஒன்றாக, வதனி கோடு போட்டு வைத்திருந்தாள். முருகனுக்குக் கீழே ஐந்தே கோடு.

வியாழன் பின்னேரம், உடுப்புத் தோய்க்கும் அறையின் வெக்கை ஆறுமுன், விதுஷன் வேலையால் வந்து குசினியில் உட்கார்ந்தான். மின்வேலை செய்கிறவன்; கை முழுக்கக் கீறல். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மா, சனிக்கிழமையோடை நிப்பாட்டலாம் எண்டு நினைக்கிறன்."

"எதை?"

"விளையாட்டை. பந்து வராத இடத்துக்கு ஒவ்வொரு கிழமையும் ஓடுறன். திரும்பிப் பாத்தா யானிக் கையிலை கிடக்கு. ரேட்டோவுக்குச் சனிக்கிழமை மட்ச் முடியச் சொல்லப்போறன்."

"அவன் வேணுமெண்டு எறியிறானில்லை."

"தெரியேல்லை அம்மா. நான் ஓடேக்கை அவனுக்கு என்ரை முதுகுதான் தெரியும். எனக்கு அவனைத் தெரியாது."

மகன் சோற்றைக் குழைத்தான். வதனிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இவன் நிறுத்தினால் சனிக்கிழமை இல்லை. சனிக்கிழமை இல்லாவிட்டால் கிழமையில் மிஞ்சுவது முதியோர் இல்லமும் நிலவறையும்தான். ஏழு வருஷத் தொண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பிள்ளையின் ஆசை போகிறதே என்று கலங்கியது பாதி. மறுபாதியை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

வெள்ளி காலை, ஓய்ரோப்பாப்ளாட்ஸ் நிலையத்தில், வேலைக்குப் போகும் வழியில், சயனைப் பிடித்துக்கொண்டாள். அவன் காதில் பாட்டு மாட்டியிருந்தான். வதனியைக் கண்டதும் கழற்றினான். மரியாதையில் குறையில்லாத பிள்ளை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லும். என்ரை பிள்ளையிலை உமக்கு ஏதும் கோபமோ?"

"விதுஷனிலையோ? இல்லை அன்ரி. அவன் நல்லா ஓடுறான்."

"ஓடுறான். ஓடுறவனுக்குப் பந்து வரவேணுமெல்லோ. நாளைக்கு எறிவீரோ, மாட்டீரோ?"

சயன் குழம்பிப்போய் நின்றான். "நான் உங்களுக்கு அப்பவே சொன்னனான்தானே அன்ரி."

"என்ன சொன்னீர்?"

"பாப்பம் எண்டு."

ரயில் வந்தது. வதனி ஏறினாள். கதவு சாத்தும் வரைக்கும் அவன் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். பொய்யனுக்கு இப்படிப் பால் வடிகிற முகத்தைக் கடவுள் ஏன் கொடுக்கிறார் என்று ஓஸ்டர்முண்டிகன் வரை யோசித்தாள். கொடுக்காவிட்டால் அவன் எப்படிப் பொய் சொல்லுவது என்று தானே பதிலும் கண்டுபிடித்தாள்.

சனிக்கிழமை, மூன்றாம் பிரிவின் இறுதி ஆட்டம். எதிரணி, வேறு யார், லிம்மட் காளைகள். வென்றவருக்கு இரண்டாம் பிரிவு. வரமாட்டேன் என்று சொன்ன வதனி பத்து மணிவரை வரமாட்டேன் என்ற முகத்தோடு வீட்டில் இருந்தாள். பதினொன்றுக்குக் கறி காய்ச்சினாள். பன்னிரண்டுக்கு அடுப்பை நிறுத்திவிட்டு, விதுஷன் தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போனான் என்று டிலக்ஷியிடம் சொன்னாள்.

"அது அண்ணாவின்ரை பழைய போத்தல் அம்மா. அடி ஒழுகும்."

"ஒழுகினா என்ன, கொண்டுபோய்க் குடுப்பம். நீயும் வா."

போனார்கள். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஏழு வருஷமாக நின்ற இடத்தில் போய் நின்றால் சுமித்ரா பார்ப்பாள். சுமித்ரா அங்கே நின்றாள் என்பது மட்டுமல்ல, ஒரு பெரிய அலுமினியத் தட்டோடும் நின்றாள். தட்டில் ரோல்ஸ். பெடியள் அதைத் தின்கிற வேகம் குறைவாக இருந்ததைத் தூரத்திலிருந்தே வதனி குறித்துக்கொண்டாள். பிறகு மைதானத்தைச் சுற்றி நடந்து, புள்ளி எடுக்கிற கோட்டுக்குப் பின்னால், ரயில் பாதை வேலியோரம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கு யாரும் நிற்பதில்லை. அங்கிருந்து ஆட்டம் முழுக்க நேரெதிராக, தன்னை நோக்கி வரும். டிலக்ஷி வாசனை தாங்காமல் பத்து நிமிஷத்தில் முதலுதவிக்காரரின் வாங்குப் பக்கம் போய்விட்டாள்.

முதல் கால் பகுதி காளைகள் இந்தப் பக்கம் வந்தார்கள். இரண்டாம் பகுதி பக்கம் மாறியது. குளவிகள் அவளை நோக்கித் தாக்கத் தொடங்கினார்கள். பந்து சயனின் கைக்குப் போனது.

அப்போதுதான் வதனி அவன் முகத்தைப் பார்த்தாள்.

இதுவரை அவள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றவள். அங்கிருந்து தெரிவது அவன் தோளும் முதுகும், பிறகு பறக்கிற பந்தும். முகம் தெரியாது. இங்கேயோ, கவசத்தின் கம்பிகளுக்குள்ளே இரண்டு கண் நேராகத் தெரிந்தது. பந்தை வாங்கினான். இடது பக்கம் பார்த்தான், யானிக். யானிக் வெளியாக நின்றான். எறிந்தான்.

சரிதான், என்றாள் வதனி உள்ளுக்குள்.

அடுத்த முறை இடது பக்கம் பார்த்தான். யானிக்கை இரண்டு காளைகள் அடைத்து நின்றன. நடுவில் பார்த்தான், குள்ளப் பிடிகாரன் ஒருவன். அவனும் அடைபட்டிருந்தான். பிறகு தலையைத் திருப்பி வலது கரையோரம் பார்த்தான். வலது கரையோரம் ஓடிக்கொண்டிருந்தவன் விதுஷன். சயன் எறியக் கையை ஓங்கினான். அதற்குள் சுவர் உடைந்து, ஒருவன் அவனை விழுத்தினான்.

வதனி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்ததையும் பார்த்தாள். இடது, நடு, வலது. அதற்கடுத்ததையும். இடது, நடு, குள்ளனுக்குப் போனது. சில தடவை முதலாமவனே கிடைத்தான், சில தடவை இரண்டாமவன். கிடைக்காத தடவை ஒவ்வொன்றிலும், ஒன்று தவறாமல், அந்தக் கண் கடைசியில் வலது கரைக்கு வந்து விதுஷனைத் தேடியது. வரிசை ரேட்டோ போட்ட வரிசை. யானிக் முதல், விதுஷன் மூன்றாவது. மூன்றாவது ஆள்வரை பார்த்து முடிக்க எந்தச் சுவரும் நேரம் கொடுக்கவில்லை. முதுகு காட்டி ஓடிய மகனும் அதைக் காணவில்லை, சயனின் முதுகுப் பக்கம் நின்ற தாயும் காணவில்லை.

"ஐயோ" என்றாள் வதனி, குப்பைத் தொட்டியிடம். "இவன் பாக்கிறான்."

பாப்பம் எண்டால் பாப்பம். சூரிச்சில் பிறந்து, ஐந்து நாள் ஜெர்மன் பள்ளிக்கும் ஆறாம் நாள் தமிழ்ப் பள்ளிக்கும் போய், அகராதி சொல்லிக் கொடுத்ததை அப்படியே நம்பின பிள்ளை. அந்தச் சொல்லுக்கு நாங்கள் பூசின சந்தனத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. இந்தச் சீசன் முழுக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் சொன்னபடி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். பார்த்து, அடியும் வாங்கியிருக்கிறான்.

நாலாம் பகுதி. குளவிகள் மறுபடி வதனியின் பக்கம் வந்தார்கள். காளைகள் இருபது, குளவிகள் பதினேழு. கோட்டைத் தாண்டிப் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. மிச்சம் எட்டு விநாடி, ஒரே ஒரு முயற்சி. மைதானம் முழுக்க "விடாதே" என்று கத்தியது. ஃப்ராவ் விடாதே மட்டும் வாயடைத்து நின்றாள்.

பந்து சயனுக்கு வந்தது. இடது, யானிக்கைச் சுற்றி மூன்று காளைகள். நடு; குள்ளன் விழுந்து கிடந்தான். சுவரின் இடது மூலை சரிந்தது. அந்த ஓட்டையால் ஒருவன் வந்தான். காளைகளில் பெரிய காளை, சயனோடு மூன்று வருஷம் ஒரே அணியில் விளையாடியவன். அவன் வருவதைச் சயன் கண்டான். வதனி கண்டாள், அவன் கண்டதை. எறிகாரன் அந்த இடத்தில் செய்கிற வேலை, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்துவது. விலா எலும்பு மிஞ்சும்.

சயன் குந்தவில்லை. வலது பக்கம் திரும்பினான்.

விதுஷன் இன்னும் கரையோரத்தில் அடைபட்டுத்தான் இருந்தான். வெளியாவதற்கு இன்னும் இரண்டு எட்டு வேண்டும். சயன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று. காளை நாலு அடியில். இரண்டு. விதுஷன் முறித்துத் திரும்பி மூலைக்குப் பாய்ந்தான். பந்து கையை விட்டதும் காளை மோதியதும் ஒரே கணம். மோதிய சத்தம் குப்பைத் தொட்டிவரை கேட்டது.

பந்து உயரப் போனது. இவ்வளவு நேரம் வாயடைத்த வதனிக்கு அப்போதுதான் தொண்டை திறந்தது.

"பின்னாலை மோனை. பின்னாலை பார்."

எழுநூறு சனம் கத்திய இடத்தில் அது அவனுக்குக் கேட்டதோ என்றால், கேட்கவில்லை என்று விதுஷன் சொல்லுகிறான். கேட்டது என்று வதனி சொல்லுகிறாள். எப்படியோ தலையைத் திருப்பினான். இரண்டு கையையும் நீட்டி, பாய்ந்து, தாயின் காலுக்கு ஆறடி முன்னால் பந்தோடு வந்து விழுந்தான். நடுவர் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார்.

இருபத்து மூன்று, இருபது. பூம்ப்ளிஸ் குளவிகள் இரண்டாம் பிரிவுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது பாதி யாருக்கும் ஒழுங்காக ஞாபகம் இல்லை. யேசுதாசன் ரேட்டோவைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ ஒரு சுவிஸ் கிழவி வதனியின் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "விடாதே, விடாதே" என்று அழுதாள். விதுஷனின் மேல் பதினைந்து பேர் ஏறிக் கிடந்தார்கள். பிள்ளையின் கழுத்தைப் பார்க்கவேண்டும் என்று ஏழு வருஷத்துக்கு முன் வந்த தாய், அவனைத் தாண்டிக்கொண்டு நேரே மைதான நடுவுக்கு ஓடினாள்.

அங்கே சயன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் சுமித்ரா முழங்காலில், சிலுவை போட்டபடி. ஆரஞ்சுச் சட்டை போட்ட முதலுதவிக்காரர் அவன் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மோதிய பெரிய காளையும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, குற்ற முகத்தோடு நின்றான்.

"பிடிச்சானோ?" என்று கேட்டான் சயன்.

"பிடிச்சான் தம்பி" என்றாள் வதனி. "ஏனடா நீ எனக்கு விளங்கப்படுத்திச் சொல்லேல்லை? நான் உன்னை எவ்வளவு பேசிப்போட்டன் தெரியுமோ?"

நீர் போய் நீ வந்ததைச் சுமித்ரா கவனித்தாள்.

"சொன்னனான்தானே அன்ரி. ரெண்டு தரம் சொன்னனான்."

"எங்கடை ஆக்களிட்டைப் பாப்பம் எண்டா இல்லை எண்டு அர்த்தமடா."

சயன் விலாவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "அப்ப இல்லை எண்டா என்ன சொல்லுறது?"

வதனி சுமித்ராவைப் பார்த்தாள். சுமித்ரா வதனியைப் பார்த்தாள்.

"இல்லை எண்டு நாங்கள் சொல்லுறேல்லை" என்றாள் சுமித்ரா.

"அப்ப அந்தக் குடும்பக் கதை?" வதனி விடவில்லை. "குளவியும் குடும்பம், காளையும் குடும்பம் எண்டு ரெண்டு பேப்பருக்குச் சொன்னது?"

"அது பேப்பர் அன்ரி. பேப்பருக்கு வேறை என்ன சொல்லுறது?"

வதனிக்கு மனம் நிறைந்துவிட்டது. பேப்பருக்குப் பொய், வாசலில் நின்று சொன்னதற்கு விலா எலும்பு. இதைவிட ஒரு மனிதனிடம் என்ன வேண்டும்?

விலா எலும்பு ஒன்று வெடித்திருந்தது, முறியவில்லை. அலுமினியத் தட்டில் மிச்சம் கிடந்த ரோல்ஸில் ஒன்றை வதனி எடுத்துக் கடித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் தின்று முடித்தாள். உப்புக் காணாது என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. சுமித்ராவும் அதை ஒரு மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டாள். விதுஷன் ரேட்டோவிடம் போனான். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அடுத்த சீசன் பயிற்சி எத்தனையாம் தேதி என்று மட்டும் கேட்டான்.

பிறகு என்ன நடந்தது என்றால், சயன் அடுத்த வருஷமும் எறிந்தான். படிப்பு முடிய எங்கடினில் மலை ரயில் கம்பனியில் வேலை கிடைத்துப் போய், அங்கே தாதியாக இருந்த ஹரிஷாவைக் கட்டினான். விதுஷன் இன்னும் விளையாடுகிறான்; பிரபாலினியைக் கட்டி ஓஸ்டர்முண்டிகனில் வீடு எடுத்துவிட்டான். சனிக்கிழமைகளில் கத்துகிற மாமியைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு முறைப்பாடு இல்லையாம். இருந்தாலும் எங்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்.

டிலக்ஷியைப் பற்றித்தான் கட்டிடம் முழுக்கப் பிழைவிட்டது. சயனுக்குத்தான் அவள் என்று அன்னதான வரிசை தீர்ப்புச் சொல்லியிருந்ததே. அவள் கட்டியது லக்ஷ்மணனை. யார் லக்ஷ்மணன் என்று கேட்காதவர் இல்லை. அன்றைக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டுச் சயனின் விலாவைத் தடவிக்கொண்டிருந்த முதலுதவிக்காரர்தான். நாங்கள் எல்லோரும் பந்துக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரம், அவருடைய மருந்துப் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் டிலக்ஷியாம். கலியாண வீட்டில் அவளே சொன்ன பிறகுதான் தெரியும். இப்போது இரண்டு பேரும் லொசானில். பிரெஞ்சில்தான் சண்டை பிடிக்கிறார்களாம். வதனிக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை என்று சரியான கவலை.